மாட்டுக்குக் கொடுத்த அடிச்சோறு

அண்டா கழுவுகிறவனுக்கு அடிச்சோறு சொந்தம். கிரிவலப் பாதையில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாச் சமையல்காரர்களுக்கும் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர்க்காரர்கள் வந்து பந்தல் போடுவார்கள். விறகடுப்பு மூட்டி, இடுப்புயர அண்டாக்களில் சாம்பார் சாதமும் புளிசாதமும் கிண்டி, நடந்து வருகிறவர்களுக்குப் பாக்குமட்டைத் தட்டில் போடுவார்கள். விடிந்ததும் வேன் ஏறிப் போய்விடுவார்கள். அதற்கு முன் அண்டாக்களைத் தேய்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அந்த ஆள் என் அப்பா வேடியப்பன்.

கூலி தனி, அடிச்சோறு தனி. அண்டாவின் அடியில் விரல் கனத்துக்குப் பிடித்து, கருகி, பாறை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தலைத்தான் அடிச்சோறு என்கிறோம். தண்ணீர் ஊற்றிவிட்டால் கூழாகிவிடும். அதனால் அப்பா முதலில் அண்டாவைப் படுக்கவைத்து, இடுப்புவரை உள்ளே நுழைந்து, இரும்புச் சட்டுவத்தால் சுரண்டுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து கர்ர் கர்ர் என்று சத்தம் வரும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கால்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ‘அப்பா’ என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூட நடந்து வருகிற பையன்களுக்கு அவை யாருடைய கால்கள் என்று தெரியக் கூடாது.

சுரண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை அலசி, தொகுப்பு வீட்டு மொட்டைமாடியில் பழைய புடவை விரித்துப் பரப்புவார். மூன்று நாள் வெயில். காக்கை விரட்டுவதற்கு ஒரு குச்சி. நன்றாகக் காய்ந்தால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் கேட்கும். வேப்பிலை போட்டு ஒரு நீல டிரம்மில் அடைத்துவைப்பார். பந்தல் வேலை கம்மியாகிற மாதங்களில் அதை ராத்திரி ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு குடிப்பார். எனக்கு ரேஷன் அரிசிச் சோறு.

“நீயும் இத சாப்புடேம்பா” என்றால், “எனக்கு அந்த வெள்ளச் சோறு ருசிக்கல. இதுலதான் புளி, மொளகா, எண்ண எல்லாம் எறங்கிக் கீது” என்பார். அம்மா நான் நான்காம் வகுப்பு படிக்கும்போதே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நம்பினேன்.

அந்த டிரம் காலியாக இருந்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மழை பொய்த்து, நிலக்கடலை பிஞ்சிலேயே சுருண்டுபோன ஒரு வருஷம். அவர்கள் வீட்டில் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்துத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும் செக்குக்காரர் வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை வாங்கி வந்து, கீரையோடு வேகவைத்துத் தின்றார்கள். புண்ணாக்கில் பூசணம் பூத்திருந்தது. அப்பாவின் தங்கைக்கு ஐந்து வயது. வயிறு போய், இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அப்பா இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் வேறு எதையோ பேசும்போது. “நல்லா காய வெச்சிருந்தா பூசணம் புடிச்சிருக்காது” என்று முடித்தார்.

இனி என்னைப் பற்றி. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், நிமிர்ந்த கையோடு கூசும். இயற்பியலில் பி.எஸ்ஸி., பிறகு பி.எட். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் பெயிண்டரைக் கூட்டி வந்து தெருப்பக்கச் சுவரில் ‘வே. அறிவுச்செல்வன், பி.எஸ்ஸி., பி.எட்.’ என்று எழுதவைத்தேன். இரண்டாம் மாதம் கடையில் பொன்னி அரிசி மூட்டை வாங்கிப் போட்டேன். மூன்றாம் மாதம் எங்கள் ரேஷன் கார்டை அரிசி அட்டையிலிருந்து சர்க்கரை அட்டையாக மாற்றினேன். சர்க்கரை கொஞ்சம் கூடக் கிடைக்கும், அரிசி கிடையாது.

“இன்னாத்துக்குடா மாத்தின?” என்றார் அப்பா.

“இலவச அரிசிக்கு க்யூவுல நிக்கறது அசிங்கம்பா. இது வாத்தியார் வூடு.”

“அரிசில இன்னாடா அசிங்கம்? அது அரிசி.”

“இல்லாதவங்களுக்குப் போவட்டும்.”

அப்பா “சரி சார்” என்றார். கிண்டலா, மரியாதையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாயிரத்து இருபது மார்ச் மாதம் எனக்குப் பெண் பேசினார்கள். கீழ்பென்னாத்தூரில் கவிநிலா, அவளும் பி.எட். பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு மூன்று நாள் முன்னால் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். நீல டிரம்மின் மூடியைத் திறந்தபோது கருகல் புளியும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. டிரம்மில் கழுத்துவரை அடிச்சோறு, மாடியில் இன்னும் ஒரு புடவை நிறைய. தெருக்கோடியில் மூன்று மாடு வைத்திருக்கும் இருசப்பன் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். மாட்டுக்கு ஆகும், அள்ளிக்கொண்டு போங்கள் என்றேன்.

இரண்டரை மூட்டை தேறியது. சித்தப்பா தன் மொபெட்டில் ஏற்றும்போது அப்பா வந்துவிட்டார்.

“பாதியாவது வுடுடா.”

“அவங்களுக்கெல்லாம் மூக்கு இருக்குதுபா.”

“மேல கொண்டுபோய் மூடி வெக்கறேன். யாரும் மாடி ஏற மாட்டாங்க.”

“மனுஷன் திங்கறதாப்பா இது? மாடு திங்கறது!”

இருசப்பன் சித்தப்பா கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய், காக்கை விரட்டும் குச்சியை எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

பெண் வீட்டார் வந்தார்கள். சுவரில் என் பெயரைப் படித்தார்கள். வீடு சுத்தமாக இருக்கிறது என்று கவிநிலாவின் அம்மா சொன்னார். என் கையில் இருந்ததையெல்லாம் போட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மோதிரம் வாங்கினேன். அடுத்த பத்து நாளில் நாடே மூடிக்கொண்டது.

கிரிவலம் தடை. பந்தல் இல்லை, அண்டா இல்லை. பள்ளி மூடியது, சம்பளமும் நின்றது. நகைக்கடையும் அடகுக்கடையும் பூட்டிக் கிடக்க, மோதிரம் பெட்டிக்குள் சும்மா மினுங்கியது. தெருவில் மற்றவர்களுக்கு ரேஷன் அரிசி வந்தது. எங்களுக்குச் சர்க்கரை வந்தது.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் தெருவுக்கு ஓர் ஆட்டோவில் அரிசி, பருப்புப் பொட்டலங்கள் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவர் மாறன், என்னிடம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அப்பா. என் பெயரைப் பார்த்து எங்கள் வாசலில் நின்றார்.

“சார், உங்க வீடா இது? ஒரு பொட்டலம் வெச்சுக்கங்க சார்.”

“ஐயோ, நமக்கு எதுக்குங்க? இல்லாதவங்களுக்குக் குடுங்க.”

“அதான பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க சார்.”

ஆட்டோ நகர்ந்தது. உள்ளே அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் வீட்டில் இருந்தது நான்கு நாளைக்கான அரிசி. அவர் அதைப் பத்து நாளாக்கினார். எப்படி என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை. “வேலையே இல்லாதவனுக்குப் பசி இன்னா பசி, ஒரு வேள போதும்” என்றார். பிறகு அந்த ஒரு வேளையையும் நான் பார்க்கும்படியாக அவர் சாப்பிடவில்லை.

ஒரு மதியம் மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். வெயிலில் தனியாகப் போகிறவர்களைப் போலீஸ் விரட்டிக்கொண்டிருந்த சமயம். பயந்து பின்னாலேயே போனேன். அவர் இருசப்பன் சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தார். நான் கொட்டகையின் மண்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். சுவர் என் மூக்கு உயரம்தான்.

அப்பா தீனித் தொட்டியின் அருகே குந்தியிருந்தார். பக்கத்தில் வாய் பிரித்த ஒரு சாக்கு. மடியில் முறம். அடிச்சோற்றுக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எலிப்புழுக்கையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“வேடிண்ணா, அதுல தவுடு கலந்துட்டேண்ணா” என்றார் இருசப்பன் சித்தப்பா.

“பரவால்ல. பொடச்சிக்கறேன்.”

“எலி வேற பூந்துச்சு. வோணாம்ணா. எங்கூட்ல சோறு கீது, வாங்கிக்கினு போ.”

“உங்கூட்ல எட்டு வாய் கீது. அது கெடக்கட்டும். எனக்கு இதான் புடிக்கும்.”

“சாருக்கு?”

“அவனுக்கு இன்னா? பொன்னி அரிசி மூட்டையா கெடக்குது! வாத்தியார் ஊடுப்பா அது!”

நான் இரண்டு எட்டு வைத்து உள்ளே போயிருக்கலாம். முறத்தைப் பிடித்திருக்கலாம். ‘எழுந்திருப்பா’ என்றாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை. இருசப்பன் சித்தப்பா என்னைப் பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது. குனிந்து, சுவரோரமாகவே நடந்து, வீட்டுக்கு வந்து, ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா திரும்பி வந்து, பையில் இருந்ததைப் புடைத்து, அலசி, ஊறவைத்தார். பிறகு பானையில் மிச்சமிருந்த அரிசியை வடித்து என் தட்டில் போட்டார். வெள்ளைச் சோறு, ஒரு மோர்மிளகாய்.

“சாப்புடுபா.”

“நீ?”

“இருசப்பன் ஊட்ல சாப்ட்டேன்.”

அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டேன். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் மறுபடி எழுத முடிந்தால் அந்த ஒரு வேளையைத்தான் திருத்தி எழுதுவேன்.

மறுநாள் அரிசி இல்லை. அப்பா இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் அடிச்சோற்றுக் கஞ்சியை ஊற்றினார். தவிடு நாக்கில் ஒட்டியது. சாக்கின் வாசனை, கொட்டகையின் வாசனை, அதற்கெல்லாம் அடியில் எங்கேயோ எந்த ஊர்க்காரரோ வேண்டிக்கொண்டு போட்ட புளிசாதத்தின் பெருங்காய வாசனை. பசி இருந்ததால் இறங்கியது. ருசியாகவும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டோம்.

கவிநிலா தினமும் போனில் கேட்பாள். “இன்னிக்கு என்ன சாப்பாடு?”

“புளிசாதம்.”

“நேத்தும் அதான சொன்னீங்க?”

“அப்பாவுக்கு அது புடிக்கும்.”

மே மாதம் காய்கறி வேனில் கவிநிலாவின் அப்பா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். நாங்கள் கேட்கவில்லை. தினமும் புளிசாதம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். தாலுகா அலுவலகம் திறந்ததும் சர்க்கரை அட்டையை மறுபடி அரிசி அட்டையாக மாற்ற எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கடை வரிசையில் நானே நின்றேன். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று.

அந்த ஆவணியில் இருபது பேரோடு எங்கள் கல்யாணம் நடந்தது. கிரிவலம் மறுபடி திறக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அப்பாவுக்கு முழங்கால் மடங்குவது நின்றுவிட்டது. அண்டாவுக்குள் நுழைய முடியவில்லை. ஆனால் நீல டிரம் காலியாக இருப்பதை அவரால் பார்க்கவும் முடியவில்லை. ராத்திரியில் எழுந்து போய் மூடியைத் திறந்து பார்ப்பார். கடைசியில் நான் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை, சமையல்காரரிடம் என் பெயரைச் சொல்லாமல், “வேடியப்பன் பங்கு” என்று கேட்டேன். அண்டாவுக்குள் நுழைந்து நானே சுரண்டிக்கொண்டேன். என் கால்கள் வெளியே தெரிந்திருக்கும்.

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே சந்திரகலா டீச்சர். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மலை சுற்றி முடித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்ன சார், பையில? பிரசாதமா?”

“மாட்டுக்கு, டீச்சர்.”

வாய் தானாகச் சொன்னது.

“அட, மாடு வெச்சிருக்கீங்களா? சொல்லவே இல்லையே!”

அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல், இல்லாத ஒரு மாட்டை நான் வளர்த்துவந்தேன். ஆசிரியர் அறையில் டீச்சர் வாரம் தவறாமல் விசாரிப்பார். அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்தேன். ஒரு மழையில் அதற்குச் சளி பிடித்தது. போன தை மாதம் கிடேரிக் கன்று போட்டது. “சீம்பால் ஒரு சொம்பு குடுக்கக் கூடாதா சார்? கஞ்சம்!” என்று எல்லோர் முன்னாலும் டீச்சர் சிரித்தார். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். “பரவால்ல, கன்னும் போட்டுடுச்சா” என்றார். கவிநிலாவுக்கு, அடிச்சோறு அப்பாவின் பழக்கம், அவ்வளவுதான். அவளே மாடியில் புரட்டிப் போடுவாள்.

போன சித்திரையில் டீச்சர் சொன்னார். “ஞாயித்துக்கிழமை பொண்ணக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேன் சார். கன்னுக்குட்டி பாக்கணும்னு ஒரே அழுகை.”

அன்று சாயந்தரம் நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். நேராக இருசப்பன் சித்தப்பாவின் கொட்டகைக்குப் போனேன்.

“சித்தப்பா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மாட்ட எங்கூட்டு வாசல்ல கட்டிக்கட்டுமா? கன்னோட.”

“இன்னாத்துக்கு சாரே? மாட்டுப் பொங்கல் போயி மூணு மாசமாச்சே?”

விஷயத்தைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கட்டிக்க. நானே கொண்டாந்து வுடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கொரோனா வருஷம், உங்கப்பா இங்க குந்திக்கினு பொறுக்கும்போது, செவுத்துக்கு அந்தாண்ட நின்னது நீதான?”

நான் குனிந்து, கன்றின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ள வருவன்னு பாத்தேன். வரல.”

“அப்பாவுக்கு…”

“அவருதான் மொதல்ல பாத்தாரு. உன் தல தெரிஞ்சப்புறந்தான், பொன்னி அரிசி மூட்டையா கெடக்குதுன்னு அவ்ளோ சத்தமா சொன்னாரு. நான் ரெண்டடி தூரத்துல நிக்கறேன் சாரே. எனக்கு எதுக்கு அவ்ளோ சத்தம்?”

மாடு வேண்டாம் என்று சொன்னேனா, சொல்லாமலே வந்துவிட்டேனா என்று நினைவில்லை. அப்பா என்னைப் பார்த்துவிட்டு, நான் திரும்பிப் போனதையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கடைசி அரிசியை வடித்து என் தட்டில் போட்டிருக்கிறார். நான் மென்று விழுங்குவதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மாட்டைக் கொண்டுவரவில்லை. டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கவிநிலா அன்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். டீச்சரின் மகளுக்கு ஆறு வயது. இரண்டு கைகொள்ளாமல் அகத்திக்கீரைக் கட்டு வைத்திருந்தாள், மாட்டுக்கு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நேராகப் போனாள்.

“தாத்தா, லட்சுமி எங்க?”

அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். உடனே குரல் வந்தது, உரக்க, சந்தோஷமாக. “மேயப் போயிருக்குது கண்ணு! கன்னும் கூடவே போயிருக்குது. பொழுது சாஞ்சாதான் வரும்!”

அதே குரல். அன்று மண்சுவரைத் தாண்டி எனக்குக் கேட்ட அதே சத்தம்.

“இல்ல டீச்சர்” என்றேன். “மாடு இல்ல. எப்பவும் இருந்ததில்ல.”

“என்ன சார் சொல்றீங்க?”

உள்ளே போய் நீல டிரம்மை வாசல்வரை இழுத்து வந்து மூடியைத் திறந்தேன். “இது மாட்டுக்கு இல்ல. கொரோனாவுல நானும் அப்பாவும் இதத்தான் சாப்ட்டோம். அதுக்கு முன்னாடி பல வருஷம் அப்பா மட்டும் சாப்ட்டாரு. நான் சாப்புடல.”

“டேய், இன்னாடா…” என்று அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. தோள் துண்டை எடுத்து எட்டி டிரம்மின் வாயில் போட்டு மூடினார். டீச்சர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். குழந்தை கீரைக்கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் போன பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. ஐம்பது வருஷமாக மூடிவைத்திருந்த பசியை நான் வாசலில் வைத்துத் திறந்துவிட்டேன் என்ற கோபம். உட்கார்ந்த இடத்திலேயே கீரையை ஆய்ந்தார். நான் வாங்கிப் போய்ப் பொரியல் செய்தேன். தட்டில் சோற்றைப் போட்டு, அவர் ஒரு வாய் எடுத்து விழுங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு நான் சாப்பிட்டேன்.